ஹெல்மெட்டோடு ஒரு திதி

மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரை வசந்தகுமார் தேங்காய் நார் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு வாளி ஃபினாயில் தண்ணீர், சுரண்டுவதற்கு ஒரு மழுங்கிய கத்தி. சுவரின் மூலையில் பல வருடத்துச் சோற்றுக் கறை. அவர் வீட்டுக் கறைதான். மனைவி மரகதம் தினமும் சாதம் வடித்ததும் ஒரு கைப்பிடி எடுத்துவந்து அந்த மூலையில் காக்கைக்கு வைப்பாள். அதற்குப் பிறகுதான் வீட்டில் யாரும் தட்டைத் தொடலாம். இப்போது ஒரு பருக்கையின் அடையாளம்கூட இல்லாமல் அதை எடுத்தாக வேண்டும். சனிக்கிழமை லோஹெகாவ் விமானப்படைத் தளத்தின் மேலே போர் விமானங்களின் சாகசக் காட்சி. தானோரியில் இவர்களுடைய நாலு மாடிக் கட்டிடத்தின் உச்சியிலிருந்து பார்த்தால் ஓடுதளத்தின் ஒரு முனை தெரியும். கூட்டம் ஏறும். அந்தக் கூட்டத்தின் பாதுகாப்புக்கு வசந்தகுமார் பொறுப்பு.

சொஸைட்டி செக்ரட்டரி கோர்படே அவரிடம் கேட்டுக்கொண்டது, தண்ணீர்த் தொட்டி மேல் யாரும் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்பதை மட்டும்தான். மற்றதையெல்லாம் வசந்தகுமாரே சேர்த்துக்கொண்டார். தலைக்கு ஹெல்மெட், காதுக்குப் பஞ்சு, கைப்பிடிச் சுவரிலிருந்து மூன்று அடி தள்ளிச் சுண்ணாம்புக் கோடு. முக்கியமாக, மாடியில் தின்பண்டம் கூடாது.

"தீனி இருந்தா காக்கா வரும், பருந்து வரும். இஞ்சினுக்குள்ள ஒரு காக்கா பூந்தா போதும். அவ்ளோ பெரிய விமானம் நம்ம தலையிலதான்" என்று படியில் எதிர்ப்பட்டவர்களுக்கெல்லாம் இந்தியில் விளக்கினார்.

"அப்பா, குரூப்ல எல்லாரும் மஸாக் பண்றாங்க" என்றாள் மகள் வைஷு. கராடியில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறவள். "ஹெல்மெட் போட்டா ஏரோப்ளேன் விழுந்தா பச் ஜாயேங்கே க்யா, பொழச்சிடுவோமான்னு கேக்கறாங்க."

"சிரிக்கட்டும். சிரிக்கத் தல இருக்கணும் இல்ல?"

அவர் அப்படித்தான். கட்கி பக்கம் ஒரு வெடிமருந்துத் தொழிற்சாலையின் வாசலில், உள்ளே போகிறவர்களைத் தடவிப் பார்த்துத் தீப்பெட்டி, பீடி, லைட்டர் எல்லாம் பிடுங்கி வைக்கும் வேலையில் சேர்ந்து, அதிலேயே சூப்பர்வைசராகி ஓய்வு பெற்றவர். தன் கல்யாணத்திலேயே ஹோமகுண்டத்துக்குப் பக்கத்தில் மணல் வாளி வைக்கச் சொன்னவர். வைஷுவின் பிறந்தநாள் கேக்கில் மெழுகுவத்தி ஏற்றும்போது ஈரச் சாக்கோடு நிற்பார். மரகதம் குக்கரை அடுப்பில் ஏற்றினால், விசில் வரும்வரை சமையலறைக்குக் கதவு சாத்தப்படும். அவளும் வெளியே நிற்க வேண்டும்.

அவருடைய அப்பாவும் அதே தொழிற்சாலைதான். பீடி இல்லாமல் இருக்க முடியாதவர். ஒருநாள் சாப்பாட்டு டப்பாவில் வடாபாவ் என்று காட்டிவிட்டு உள்ளே போகப் பார்த்தார். வசந்தகுமார் பாவ் ரொட்டியைப் பிரித்தார். நடுவில் வடை இல்லை, தீப்பெட்டி இருந்தது. முழு ஷிப்டும் வரிசையில் நின்று சிரித்தது. மகன் ரிப்போர்ட் எழுதினார், பாவையும் சேர்த்துப் பிடுங்கிக்கொண்டார். அன்றிலிருந்து கிழவர் மகனோடு நேராகப் பேசுவதை நிறுத்திவிட்டார். ஒரே வீட்டில் உட்கார்ந்துகொண்டு, "உப்பு பத்தலன்னு உங்க ஸாப் கிட்ட சொல்லும்மா" என்று மரகதத்திடம் சொல்லுவார். சாகிற வரைக்கும் அப்படியே.

அதனால் வருடா வருடம் அவர் திதியன்று சோற்றைக் காக்கை எடுக்கிறதா என்பது அந்த வீட்டில் பெரிய விஷயம். எடுத்தால் கிழவர் மகன் கையால் சாப்பிட்டார் என்று அர்த்தம். போன வருடம் காக்கை வந்து, சோற்றைப் பார்த்து, தலையைச் சாய்த்துவிட்டுப் பறந்து போய்விட்டது. வசந்தகுமார் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை.

சனிக்கிழமை காலையில் ஒரே பனிமூட்டம். காட்சியை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிவைத்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைதான் கிழவரின் திதி.

"இப்ப இன்னா பண்ணப் போறீங்க?" என்றாள் மரகதம் மறுநாள் காலையில். வடை, பாயசம், வாழைக்காய் எல்லாம் ஆகிவிட்டது.

"ஜன்னல்ல வெய்யேன்."

"எந்த ஜன்னல்ல? எல்லாத்துக்கும் புறா வலை அடிச்சு வெச்சது யாரு? காக்கா இன்னா கத்திரிக்கோல் எடுத்துக்கினா வரும்?"

"கீழ பார்க்கிங்ல?"

"பார்க்கிங்ல நாயிங்க கீது. உங்கப்பா நாயா வருவாராமா?"

வசந்தகுமார் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு மேலே போய், மாடிக் கதவுக்கு உள்பக்கம், படிக்கட்டு அறையில் ஒரு மேஜையும் ஒரு பெரிய மூங்கில் கூடையும் போட்டுக்கொண்டு நின்றார். பழைய வாசல் போலவே இருந்தது. வந்தவர்களின் பையைப் பிரித்தார். சிப்ஸ், பேல்பூரி, வேர்க்கடலை எல்லாம் கூடைக்குப் போயின. மூன்றாவது மாடி ஜோஷுவா ஒரு பொட்டலம் நிறைய வடாபாவ் கொண்டுவந்திருந்தான்.

"அங்கிள், இது என் பிரேக்ஃபாஸ்ட்!"

வசந்தகுமார் ஒரு பாவை எடுத்துப் பிரித்துப் பார்த்தார். உள்ளே வடைதான் இருந்தது. மூடி, கூடைக்குள் வைத்தார்.

கடைசியில் வாழையிலைத் துண்டில் சோறு, வடை, பாயசத்தோடு மரகதம் வந்து நின்றாள். பின்னால் வரிசை.

"மேடம், தின்பண்டம் மனா ஹை" என்று வசந்தகுமாரின் தடையை யாரோ ராகம் போட்டார்கள்.

"ஷோ முடியட்டும் மரகதம். முடிஞ்சதும் நானே கொண்டுபோய் வெக்கறேன்."

"உங்கப்பாவுக்குத்தான் வெக்கறேன், எங்கப்பாவுக்கு இல்ல. காக்கா எடுக்காம நான் இலை போட மாட்டேன். நீங்க பட்டினி, நான் பட்டினி, பொண்ணு பட்டினி."

"நான் சிப்ஸ் சாப்டேன்" என்றாள் வைஷு.

இலையை மேஜையில் வைத்துத் தட்டால் மூடினார்கள்.

முதல் விமானம் வந்தபோது சத்தம் பிறகுதான் வந்தது. கட்டிடமே அதிர்ந்தது. ஹெல்மெட் போட்ட ஐம்பது அறுபது தலைகள் ஒரே சமயத்தில் வானத்தைப் பார்த்து அண்ணாந்தன. அடுத்தது தலைகீழாகப் போனது. கூட்டம் தன்னை மறந்து, சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டிச் சுவர்ப் பக்கம் நகர்ந்தது. வசந்தகுமார் விசில் ஊதினார். அவருக்கே கேட்கவில்லை. ஜோஷுவா ஒரு காலைச் சுவர்மேல் போட்டு, செல்ஃபிக் குச்சியை நீட்டி, விமானத்தையும் தன் முகத்தையும் ஒரே படத்தில் பிடிக்கப் பின்பக்கமாகச் சாய்ந்துகொண்டிருந்தான். இன்னும் கொஞ்சம் சாய்ந்திருந்தால் நாலு மாடி. வசந்தகுமார் கதவை விட்டு ஓடி, அவன் பெல்ட்டைப் பிடித்து இழுத்தார். இருவரும் மல்லாக்க விழுந்தார்கள். ஹெல்மெட் தரையில் மோதிய சத்தம் மட்டும் எல்லாருக்கும் கேட்டது.

"போட்டோ போச்சு அங்கிள்" என்றான் ஜோஷுவா. பிறகுதான் கீழே எட்டிப் பார்த்தான். சுண்ணாம்புக் கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தான்.

காட்சி முடிந்து வானம் சும்மா இருந்தது. ஒரு பறவை இல்லை. தானோரியில் இருந்த அத்தனை காக்கைகளையும் அந்தச் சத்தம் துரத்திவிட்டிருந்தது. வசந்தகுமார் தட்டைத் திறந்து, இலையைக் கொண்டுபோய்ச் சுத்தமாகக் கழுவிய மூலையில் வைத்தார். "கா... கா..." என்று கூப்பிட்டார். மூலை ஃபினாயில் மணத்தது.

கோர்படேவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவர்கள் வீட்டிலும் காக்கை தொட்டால்தான் ஆயிற்று. "உங்கள் அப்பாவுக்கு ஏதோ குறை இருக்கிறது. என்ன ஆசையோ அதைத் தருகிறேன் என்று சொல்லுங்கள், உடனே வரும்" என்றார் மராத்தியில். கூட்டம் ஹெல்மெட்டைக் கழற்றாமலே சுற்றி நின்றது. ஆளுக்கொன்றாகக் கூவினார்கள். வெற்றிலை தருகிறோம், வேட்டி தருகிறோம், பேத்திக்குக் கல்யாணம் செய்கிறோம்.

"ஹலோ, பேத்தி இங்கதான் இருக்கேன்!" என்றாள் வைஷு.

"தீப்பெட்டியத் திருப்பிக் குடுத்துடறேன்னு சொல்லுங்க" என்றாள் மரகதம் மெதுவாக.

"அது ரூலு. எப்படிக் குடுக்க முடியும்?"

அப்போதுதான் படிக்கட்டு அறையில் சடசடவென்று சத்தம். போய்ப் பார்த்தால், பயந்து உள்ளே வந்து ஒதுங்கியிருந்த ஐந்தாறு காக்கைகள் கூடையைக் கவிழ்த்துவிட்டு ஜோஷுவாவின் வடாபாவை ஆற அமரத் தின்றுகொண்டிருந்தன. ஒரு கிழட்டுக் காக்கை பாவைக் கால் விரலால் அமுக்கிப் பிரித்து, உள்ளே பார்த்து, பிறகு வடையை எடுத்துக்கொண்டது. ஆளைக் கண்டதும் எல்லாம் கதவு வழியாகப் பறந்துபோயின. மூலையிலிருந்த இலையை ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

"அப்பா, ஃபுல் பில்டிங்ல சாப்பாடு இருந்த ஒரே இடம் உன் கூடைதான்" என்றாள் வைஷு.

கோர்படே கைகூப்பினார். "ஜாலா, ஆயிற்று! தொட்டுவிட்டது. உங்கள் கையால் வைத்ததுதானே."

"வெக்கல, புடுங்கனது" என்றாள் மரகதம். "அதுல பூண்டு வேற. திதி அன்னைக்கி."

கீழே வீட்டுக்கு வந்ததும் குடியாத்தத்திலிருந்து அண்ணன் போன். வருடா வருடம் வருவது. வைஷு ஸ்பீக்கரில் போட்டாள்.

"டேய் தம்பி, காக்கா எடுத்துச்சா?"

வசந்தகுமார் ஹெல்மெட்டோடேயே உட்கார்ந்திருந்தார். மடியில் அந்தக் கூடை. "எடுத்துச்சுண்ணா" என்றார்.

"அப்பாடி. நல்லா சாப்ட்டாரா?"

"நல்லா சாப்ட்டாரு. பிரிச்சுப் பார்த்துட்டு சாப்ட்டாரு."

"இன்னாடா பிரிச்சு?" என்பதற்குள் வைஷு வைத்துவிட்டாள்.

மரகதம் சமையலறை வாசலில் இலைக்கட்டோடு நின்றாள். "அண்ணன் கிட்ட சொல்லிட்டீங்க. எங்கிட்ட சொல்லுங்க. மேல என் சோறு அப்படியே கீது. உங்கப்பா சாப்ட்டாரா, இல்லையா? இலை போடட்டா, வேணாமா?"

வசந்தகுமார் கூடைக்குள் கையை விட்டுத் துழாவினார். அடியில் ஒரே ஒரு வடாபாவ் நசுங்காமல் மிச்சமிருந்தது. அதை எடுத்தார். சாமி மாடத்தில் விளக்கேற்ற வைத்திருந்த தீப்பெட்டியையும் எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"ஏங்க, உங்களத்தான் கேக்கறேன்."

அவர் ஹெல்மெட்டின் வாரை இறுக்கிக்கொண்டு கதவைத் திறந்து, மொட்டைமாடி மூலையை நோக்கிப் படியேறினார்.