ஏதேன் தோட்டத்தில் லயம் இருந்ததா?

நான் பிழைக்க வந்த இந்த வெள்ளைக்கார நாட்டில் தோட்டம் என்றால் வீட்டுக்குப் பின்னால் கிடக்கிற கொஞ்சம் புல்தரை. அதில் ஒரு ரோஜாச் செடியும் பிளாஸ்டிக் நாற்காலியும் இருந்தால் போதும், கார்டன் என்று பெருமையாகச் சொல்வார்கள். நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில், வந்த புதிதில், ஒரு மூதாட்டியிடம் என் அம்மா காலமெல்லாம் டீ கார்டனில் இருந்தவர் என்று சொன்னேன். செடிகள் மேல் அவருக்கு அவ்வளவு ஆசையா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போர்வையை மடித்து வைத்தேன். பதுளைப் பக்கமிருந்து இதை வாசிக்கிறவர்கள் சிரிப்பீர்கள். அட்டைக்கடியோடு கொழுந்துக் கூடையைச் சுமந்து மலை ஏறி இறங்கிய மனுசிக்கு ஆசையாம், ஆசை.

அந்தச் சொல்லில் எனக்கும் ஒரு காலத்தில் குழப்பம் இருந்தது, வேறு விதமாக. நமுனுகுலப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், எங்கள் லயத்துக்கு, அதாவது வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளுக்கு, மேலே இருந்த தகரக் கூரைக் கோவிலுக்குத்தான் நானும் தம்பி தேவாவும் ஞாயிறு பள்ளிக்குப் போவோம். ஏதேன் தோட்டம் என்று டீச்சர் சொன்னதும் அது ஒரு தேயிலைத் தோட்டம் என்றே எடுத்துக்கொண்டோம். வேறு தோட்டம் எங்களுக்கு எங்கே தெரியும்? கடவுள் சாயங்காலம் உலாவ வந்தார் என்றால், துரை சுற்றிப் பார்க்க வருகிறார். ஆதாமும் ஏவாளும் ஒளிந்துகொண்டார்கள் என்றால், அன்றைக்குக் கொழுந்து நிறை குறைந்திருக்கும். கடைசியில் வெளியே துரத்தினாரே, அதுதான் பத்துச்சீட்டு. வேலையைப் பறித்துத் தோட்டத்தைவிட்டே விரட்டும் அந்தச் சீட்டுக்குப் பெரியவர்கள் நடுங்கிய கதைகளைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். லயத்து அறையைக் காம்பரா என்போம். தேவாவுக்கு அதுதான் கவலை. எழுந்து நின்று, "அப்ப ஆதாமோட காம்பராவ யாருக்கு டீச்சர் குடுத்தாங்க?" என்று கேட்டான். டீச்சர் சிரித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார்.

அந்தத் தேவாவைத்தான் போன மழையில் மலை மூடிவிட்டது. மழைக்கு வேலை நிறுத்திவிட்டார்கள் என்று காம்பராவில் படுத்திருந்தான். அம்மா பதுளை ஆஸ்பத்திரிக்கு மருந்தெடுக்கப் போயிருந்ததால் பிழைத்தார். பாதி லயம் மண்ணோடு போயிற்று. தோண்டினார்கள், பிறகு நிறுத்திவிட்டார்கள். தேவா கிடைக்கவில்லை. மிச்சமிருக்கும் காம்பராக்களும் ஆபத்து, அடுத்த மழைக்குத் தாங்காது என்று அதிகாரிகள் வந்து சொன்னதும் எல்லாரும் இறங்கிவிட்டார்கள், பள்ளிக்கூட மண்டபத்துக்கும் சொந்தக்காரர் வீடுகளுக்குமாக. அம்மா மட்டும் இறங்கவில்லை. தோட்டத்துப் பாஸ்டர் வந்து எல்லாம் கர்த்தருடைய சித்தம் என்றாராம். அம்மா அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து அனுப்பிவிட்டு என்னைப் போனில் கூப்பிட்டார்.

"பொட்டி வைக்கல, செபம் பண்ணல, ஒரு சிலுவகூட நடல. கடைசி நாள்ல சாமி அவன எப்புடி எழுப்புவாரு? வெள்ளக்காரங்கதானடி நமக்கு வேதத்த குடுத்தாங்க. நீ அங்கதான இருக்க, கேட்டுச் சொல்லு. சொன்னா எறங்குறேன்."

இங்கே நான் போகும் சபையில் புதன்தோறும் சூப்பும் ரொட்டியும் கொடுத்து ஒரு கூட்டம் வைப்பார்கள். வாழ்க்கையின் பெரிய கேள்விகளோடு வாருங்கள் என்று வாசலில் பலகை. போனேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு வாழ்வுக்கு என்ன அர்த்தம் என்று ஒருவர் கேட்டார். செத்துப்போன நாய்க்கு மோட்சம் உண்டா என்று ஒரு அம்மா கேட்டார். எனக்கு எரிச்சல் வரவில்லை என்று சொன்னால் பொய். என் முறை வந்தது. மலை சரிந்து லைன் மேல் விழுந்துவிட்டது என்று ஆரம்பித்தேன். பாஸ்டர் ஹெலன், நல்ல பெண், ரயில் பாதையையா சொல்கிறீர்கள் என்றார். லைன் என்பது நாங்கள் குடியிருக்கும் வீடு என்று விளக்கினேன். அப்படியொரு சரிவில் போய் யார் வீடு கட்டினார்கள் என்று நாய்க்காரம்மா பரிதாபமாகக் கேட்டார். உங்கள் தாத்தாமார்தான் என்று நாக்கு நுனிவரை வந்தது. சூப்பைக் குடித்துக்கொண்டேன்.

பிறகு அம்மாவின் கேள்வியை அப்படியே கேட்டேன். ஹெலன் என் கையைப் பிடித்துக்கொண்டார், அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "எனக்குத் தெரியவில்லை. தெரியாமல் நம்புவதும் விசுவாசம்தான்" என்றார். எல்லாருக்கும் அது ஆறுதலாக இருந்தது. தேவாவுக்காக ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினார்கள், அவன் பெயரைத் தீவா என்று சொல்லிச் செபித்தார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை. ஆனால் அந்தப் பதிலைக் கொண்டுபோய் என் அம்மாவை எப்படி மலையிலிருந்து இறக்குவது? வீட்டுக்கு வந்து முழங்காலில் நின்றேன். ஒரு வார்த்தையும் வரவில்லை. இப்போதெல்லாம் வருவதேயில்லை.

பொய் சொல்லியிருக்கலாம். எழுப்புவாராம், எறங்குங்கம்மா என்று ஒரு வரி போதும். வேறு எதில் வேண்டுமானாலும் சொல்லியிருப்பேன், தேவா விசயத்தில் முடியவில்லை. வீடியோவில் கூப்பிட்டு, தெரியாது என்கிறார்கள் என்று உள்ளதைச் சொன்னேன்.

"அங்கயும் தெரியாதாமா?" என்றார் அம்மா. கோபமே இல்லை. கடையில் சாமான் முடிந்துவிட்டது என்று கேள்விப்பட்டுத் திரும்புகிறவரின் குரல் அது. மழைக்காலம் வருகிறது, பண்டாரவளையில் சித்தி வீட்டுக்காவது போய்விடுங்கள் என்று அழுதேன், கெஞ்சினேன். காதில் வாங்காமல் வெளியே நடந்துபோய் போனைத் திருப்பிச் சரிவைக் காட்டினார்.

"இவன் எங்க இருக்கான்னாவது எனக்குத் தெரியும். நீ செத்தா ஒன்னைய எங்கடி பொதைப்பாங்க?"

திரை முழுக்கச் சிவப்பு மண், அங்கங்கே புல் முளைத்திருந்தது. அதன் மூலையில், ஒரு சின்னச் சதுரத்துக்குள், என் முகம் கிடந்தது.