மிலூத் தடவிய ஜெல்

எல்லோரும் மரியாதையாகச் 'சி' சேர்த்துக் கூப்பிடும் மிலூத்துக்குக் காய்ந்த எதையும் கண்டால் ஆகாது. ரொட்டி என்றால் ஆலிவ் எண்ணெய், புரோப் என்றால் ஜெல். நுவாசர் ஊர் விமான உதிரிபாகத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடமாக விமானப் பேனல்கள்மேல் ஜெல் தடவி, புரோப்பை அழுத்தி, கேளா ஒலியை உள்ளே அனுப்பி, ஒட்டு விட்ட இடங்களைக் கண்டுபிடித்தவர். வீட்டில் கதவு கிறீச்சிட்டாலும் அதே ஜெல்தான் என்று அவர் மனைவி புலம்புவாள்.

போன மாதம் புது இயந்திரம் வந்தது. பேனலுக்கு இந்தப் பக்கம் ஒரு புரோப், அந்தப் பக்கம் ஒன்று. இரண்டும் தொடாமல் நாலு விரல் தள்ளி நிற்கும். ஒலி காற்று வழியாகவே போய்ச் சேரும், ஜெல் பட்டால் அடைபட்டுவிடும். பரிசோதகர்கள் மிலூத்தும் நானும் என்று இருவர், இயந்திரமோ ஒருவருக்குத்தான். தோற்றவர் பேக்கிங்குக்குப் போகவேண்டும். சோதனை ஓட்டம் பார்த்து முடிவு செய்வதாக மேலாளர் கிஸ்லான் அம்மா, எங்கள் வழக்கில் 'லல்லா', சொல்லிவிட்டார்.

முதல் முறை மிலூத்துடையது. வறண்டு நின்ற புரோப்களைப் பார்த்ததும் அவருக்கு மனசு கேட்கவில்லை. "பிஸ்மில்லா" என்று இரண்டிலும் ஜெல்லை அப்பினார். நான் பார்த்தேன். வாயைத் திறக்கவில்லை. என்னை உத்தமன் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை.

திரை முழுக்கச் சிவப்பு. பேனலில் உருப்படியான இடமே இல்லையாம்.

கிஸ்லான் ஓடி வந்தார். "நேத்துதானே இந்தப் பேனல் நல்லாருக்குன்னு எழுதினீங்க? அப்போ மெஷின்தான் கோளாறு. திருப்பி அனுப்பிடறேன். பழையபடி ரெண்டு பேரும் வேலையப் பாருங்க."

எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. மிலூத்தின் முதுகில் கிள்ளினேன், பேசாமல் இரும் என்று.

"மெஷின் மேல பழி போடாதீங்க லல்லா," என்றார் அந்த மனுஷன். "நான்தான் ஜெல் தடவிட்டேன்."

"காத்து வழியா போற மெஷினுக்கா?"

"காஞ்சு கெடந்துச்சு. பாவமா இருந்துச்சு."

கிஸ்லான் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். உபரி புரோப்களை மாட்டி ஓட்டியதில் திரை பச்சையானது. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீங்க பக்கத்துலதானே நின்னீங்க? பாக்கலியா?"

"பார்த்தேன்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

என் முறை வரவேயில்லை. இயந்திரம் மிலூத்துக்குப் போனது. நான் பேக்கிங்கில் அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருக்கிறேன். மிலூத்மேல் கோபமில்லை. வெட்கமாகத்தான் இருக்கிறது.