இரண்டாவது துளையில் இருந்த அட்டை

நம்பாதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம், எனக்கு வருத்தமில்லை. இருபத்தாறு வருடமாக லாரி ஓட்டுகிறவனுக்குக் கதை கட்டவெல்லாம் தெம்பு கிடையாது. நடந்ததைச் சொல்கிறேன். அதுவும் நள்ளிரவில் இல்லை, பட்டப்பகலில்.

அக்டோபர் 17, பிற்பகல் 3.10. நேரமெல்லாம் எங்கள் ருமேனியக் கணக்கு. ஹங்கேரியில், செகெட் நகருக்கு வெளியே வண்டியை ஓரங்கட்டினேன். விடிகாலை ஐந்து மணிக்கு எடுத்த வண்டி. கண் எரிந்தது, இடுப்பு விட்டுப்போயிருந்தது.

ஆனால் தூங்க நேரமில்லை. என் தம்பி டோரு செத்து மறுநாளோடு நாற்பது நாள். அவனும் லாரிக்காரன்தான். ஆஸ்திரியாவில் ஓட்டிக்கொண்டே கண்ணயர்ந்துவிட்டான். நாற்பது நாள் உயிர் நம்மைச் சுற்றியே இருக்கும், அப்புறம் போய்விடும் என்பது எங்கள் வழக்கம். காலை பத்து மணிக்கு எங்கள் ஊர் பக்காவுவில் கடைசி ஜெபம். அவனை வழியனுப்ப நான் நிற்க வேண்டாமா?

லாரியில் ஓட்டும் நேரத்தைப் பதிகிற கருவி ஒன்று உண்டு. அதில் இரண்டு துளைகள். முதல் துளையில் ஓட்டுகிறவனின் அட்டை, இரண்டாவதில் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறவனின் அட்டை. என் அட்டைப்படி, ஒரு நாளைக்கு ஓட்ட அனுமதித்த ஒன்பது மணி நேரம் முடிந்துவிட்டது. இனி பதினொரு மணி நேரம் கட்டாய ஓய்வு. படுத்தால் ஜெபத்துக்குப் போய்ச் சேர முடியாது.

எங்கள் ஆட்கள் எல்லோரும் செய்கிற தப்பைத்தான் நானும் செய்தேன். இன்னொருவன் அட்டையைப் போட்டு ஓட்டுவது. அவன் சாமான்களோடு வந்த டோருவின் அட்டை என் பர்ஸில் இருந்தது. என்னுடையதை எடுத்துவிட்டு அதை முதல் துளையில் செருகினேன். திரையில் அவன் பெயர் வந்தது.

ரொட்டியும் பன்றிக் கொழுப்பும் எடுத்து வைத்துக்கொண்டு டேப்லெட்டைத் திறந்தேன். டோரு தன் வீட்டு டிவி அலமாரியில் ஒரு சின்னக் கணினிப் பெட்டி வைத்திருந்தான். படங்கள், பாட்டு, குடும்ப வீடியோக்கள் எல்லாம் அதில். ஐரோப்பாவின் எந்த மூலையில் வண்டி நின்றாலும் விபிஎன் என்ற இணைய வழியில் வீட்டுப் பெட்டிக்குள் புகுந்து பார்த்துக்கொள்ளலாம். அவனுக்கு ஒரு கணக்கு, எனக்கு ஒன்று. அவன் போனபின் நான் திறக்கவே இல்லை.

உடனே இணைந்தது. டோருவின் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி... 'இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறார்' என்று காட்டியது.

அவன் மனைவி வியோரிகாவைக் கூப்பிட்டேன். கோவிலில் படையலுக்குக் கோதுமை கிண்டிக்கொண்டிருந்தாள். "வீட்டுல யாரும் இல்ல, அத்தான். சாவி என் பையிலதான் இருக்கு" என்றாள்.

அவன் பார்ப்பதாகக் காட்டிய வீடியோவை நானும் தொட்டுத் திறந்தேன். போன ஈஸ்டர் வீடியோ. நான் நாற்காலியில் தூங்குகிறேன். படம் பிடிப்பது டோரு. அவன் குரல் கேட்டது.

"கொறட்டையக் கேளு வியோரிகா. இதுக்கும் டீசல் ஊத்தணும் போல."

சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது.

3.24. வீடியோவை நிறுத்திவிட்டு என்ஜினை முடுக்கினேன். வீடியோ தானாக ஓடியது. அட்டையை உருவினேன். நின்றது. செருகினேன்... ஓடியது.

மறுபடி உருவினேன். நின்றது.

மறுபடி செருகினேன்.

அதே குறட்டை. ஆனால் நாற்காலி இல்லை. ஸ்டீயரிங் மேல் கவிழ்ந்து கிடந்தேன். அன்று போட்டிருந்த அதே மஞ்சள் சட்டை.

பக்கத்து இருக்கையிலிருந்து எடுத்த படம்.

திரும்பினேன். யாருமில்லை.

"தூங்குண்ணே. லாரி எங்கயும் ஓடிடாது."

டேப்லெட்டிலிருந்து வந்ததா... தெரியவில்லை.

அட்டையைப் பிடுங்கிப் பர்ஸில் வைத்தேன். என்னுடையதை முதல் துளையில் போட்டேன். மணி 3.31. அப்படியே படுத்துவிட்டேன். அப்படி ஒரு தூக்கம் பல வருடமாக நான் தூங்கியதில்லை.

இரவு 2.35க்குக் கிளம்பினேன். காலை பத்து மணிக்கு பிரஷோவ் பக்கம்தான் வந்திருந்தேன். வண்டியை நிறுத்தி, சிலுவை போட்டு, தம்பியிடம் மன்னிப்புக் கேட்டேன். அப்போது பக்கத்துக் கதவு 'க்ளக்' என்றது. காற்று என்று நினைத்தேன்.

பக்காவு போய்ச் சேர்ந்தபோது ஒன்றரை. வியோரிகா கோபித்துக்கொள்ளவில்லை. நடந்ததைச் சொன்னேன். டிவி அலமாரியைத் திறந்து காட்டினாள். பெட்டியின் மேல் வெள்ளைத் துணி. மின்கம்பி சுருட்டி, ரப்பர் போட்டு வைத்திருந்தது.

"அடக்கத்தன்னிக்கே பிடுங்கிட்டேன் அத்தான். நாப்பது நாள் எதுவும் ஓடக் கூடாதுன்னு."

தாமதத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டுமே என்று கருவியிலிருந்து நேரப் பதிவுக் காகிதத்தை அச்சிட்டு எடுத்தேன். அதை இன்றும் பர்ஸில் வைத்திருக்கிறேன். அவனுடைய அட்டையும் அதே பர்ஸில்தான் இருந்தது, வழியெல்லாம் நான் எடுக்கவே இல்லை.

முதல் துளை: என் பெயர்.

இரண்டாவது துளை: டோரு. செருகிய நேரம், பிற்பகல் 3.31.

வெளியே எடுத்த நேரம், காலை 10.00.