தோலைத் திருப்பி மாட்டிய ஹால்

ஒரு முறை கை தட்டினால், அந்த ஹால் மூன்று முறை திருப்பித் தட்டும்...

ஆம்பூரில், திருமணமான புதிதில் நாங்கள் குடியேறிய மாடி வீடு அது. நான்கு பக்கமும் வெறும் சுவர், கீழே மொசைக் தரை. நான் வழக்கறிஞராகப் பதிவு செய்து, என் நினைவு சரியென்றால், மூன்றாவது ஆண்டு. ஆசைப்பட்டு ஒரு ஜோடி ஸ்பீக்கர் வாங்கியிருந்தேன்.

நான் பாட்டுப் போட்டதும் என் மனைவி கிரேஸ் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாள். என் ரசனை அவளுக்குப் பிடிக்கவில்லை என்று முடிவு செய்துகொண்டேன். விசாரிக்காமல் எழுதிய தீர்ப்பு. ஒரு மாதம் கழித்துத்தான் அவளிடம் கேட்டேன்.

"எனக்கு ஒரு காது மந்தம்னு தெரியும்ல? இந்த ஹால்ல பாட்டு மேல பாட்டு ஏறி உக்காந்த மாதிரி இருக்குது. ஒரு வார்த்தகூட புரியல. ஆசையா வாங்கினீங்க... அதான் சொல்லல."

அவளுக்குப் புரியாத பாட்டு அந்த வீட்டில் எதற்கு?

கீழ் வீட்டு நயீம், தோல் தொழிற்சாலையில் தரம் பார்ப்பவர். அவரிடம் சொன்னேன்.

"எதிரொலி ஜாஸ்தி, வக்கீல் சார். சுவத்த மூடணும். ரிஜெக்ட் ஆன தோலு வாங்கியாந்து தர்றேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை, மரச்சட்டங்களில் பஞ்சு அடைத்து, மேலே தோலை இழுத்து ஆணி அடித்துச் சுவர்களில் மாட்டினோம். பளபளப்பான பக்கம் வெளியே. வீடே செருப்புக்கடை போல மணத்தது.

கை தட்டினோம். ஏறத்தாழ அதே எதிரொலி...

கிரேஸ் மிச்சமிருந்த ஒரு துண்டைத் தடவிப் பார்த்தாள். "நயீம் பாய், உள்பக்கம் மெத்துன்னு இருக்குதே. அத வெளிய வச்சா இன்னா?"

கிரேஸை அண்ணி முறையில் 'பாபி' என்றழைக்கும் நயீமின் முகம் சுருங்கியது. "நல்ல பக்கத்த சுவத்துக்கு காட்டுறதா, பாபி? தொழில்காரன் எவனாவது பார்த்தா என் வேலையவே சந்தேகப்படுவான்."

"பாக்கறதுக்கா மாட்டுறோம்? கேக்கறதுக்குத்தான?"

அவர் ஆணிகளைப் பிடுங்க ஆரம்பித்தார். மாலைக்குள் எல்லாத் தோல்களும் திரும்பியிருந்தன. ஸ்பீக்கர்களையும் சுவரை விட்டு இரண்டடி முன்னால் நகர்த்தினோம்.

எதிரொலி முற்றிலும் ஒழிந்தது என்று சொல்லமாட்டேன். நன்றாகவே குறைந்தது. கிரேஸ் தரையில் உட்கார்ந்து ஒரு பாட்டை முழுதாகக் கேட்டாள். முடிந்ததும், "இன்னொரு தபா போடுங்க" என்றாள்.

நயீம் சுவரைப் பார்க்காமல் தலையை வேறு பக்கம் வைத்துக்கொண்டே, "கேக்க நல்லாத்தான் இருக்குது" என்றார்.

இப்போது காட்பாடியில் இருக்கிறோம். சோபா, கனத்த திரைச்சீலைகள், எதிரொலியை அடக்கவென்றே கடையில் விற்கும் பலகைகள்... எல்லாம் உண்டு. ஆனால் கிரேஸுக்கு அவை தேவைப்படவில்லை. ஃபோனிலிருந்து பாட்டு நேராக அவளுடைய காதுக் கருவிக்கே போய்விடுகிறது. ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்கிறதாம். அதற்கு மேல் நான் கோருவதற்கு ஒன்றுமில்லை.

ஆயினும் சில மாலைகளில், சத்தமே இல்லாத ஹாலில் அவள் தனக்குள் சிரித்துக்கொள்கிறாள். என்ன பாட்டு என்று நான்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

"இங்க பக்கத்துல வந்து உக்காருங்க... சொல்றேன்."