கற்பூரம் ரெண்டு

2023 நவம்பர் 21, செவ்வாய்க்கிழமை, காலை 8.40. வத்திராயிருப்பு பேருந்து நிலையத்தில் தூறல். மேற்கே மலை இருந்த இடத்தில் மேகம்தான் இருந்தது. என் குடையின் எட்டுக் கம்பிகளில் இரண்டு ஒடிந்தவை. இடது தோள் நனைந்துவிட்டது.

முப்பத்தைந்து நிமிடத்துக்கு முன்புதான் ராஜபாளையத்திலிருந்து மகன் போன் செய்திருந்தான். "அப்பா, பாப்பாவுக்கு வலிப்பு வந்துருச்சு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறோம்." பேத்திக்கு இருபத்திரண்டு மாதம். இரண்டு நாளாகச் சளி. காலை ஆறரைக்கு மருமகளுக்குக் கைவைத்தியம்கூடச் சொல்லியிருந்தேன். சளிதானே, வலிப்பு எங்கிருந்து வந்தது?

ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பதினேழு ரூபாய் டிக்கெட். கிருஷ்ணன்கோவில் போவதற்குள் பதினோரு இடத்தில் வண்டி நின்றது. பக்கத்து இருக்கைக்காரர் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர். உட்கார்ந்ததுமே சூட வாசனை.

"மூட்டு வலி சார். எம்புட்டு மாத்திரை முழுங்கியும் கேக்கல. தேங்காண்ணெயில சூடத்தைப் போட்டுத் தேய்க்கேன், செத்த நேரம் தாங்குது. என் வீட்டுக்காரி பொடுகுக்கும் அதைத்தான் தேய்க்கா. துணிப் பீரோவுல சூடம், எறும்புக்குச் சூடம், கொசுவுக்கும் சூடம். சாமிக்குத்தான் மிஞ்ச மாட்டேங்கு."

சிரிக்க வேண்டிய இடம். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"உள்ளுக்கு மட்டும் ஆகாது சார். எங்க கேம்ப்ல ஒருத்தன் பந்தயம் கட்டி முழுங்கினான். கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்துச்சு. நாலு பேரு அமுக்கியும் நிக்கல."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வலிப்பைப் பற்றி அன்று யாரிடமும் கேட்க விரும்பவில்லை.

9.45. ஸ்ரீவில்லிபுத்தூரில் தூறல் மழையாகியிருந்தது. பால்கோவாக் கடை வாசலில் ஒதுங்கினேன். கால் கிலோ வாங்கலாமா என்று யோசித்தேன். கண் திறக்குமா என்றே தெரியாத குழந்தைக்கு எதை வாங்குவது? வாங்கவில்லை. ராஜபாளையம் வண்டி பதினாறு நிமிடம் கழித்து வந்தது. பன்னிரண்டு ரூபாய்.

10.40. ஆட்டோவுக்கு அறுபது. ஆஸ்பத்திரி மாடிக்கு இருபத்திரண்டு படி. குழந்தை மூக்கில் குழாயோடு தூங்கிக்கொண்டிருந்தது. மகன் சுவரைப் பார்த்து நின்றான். வெளியே பெஞ்சில் மருமகளின் தாயார் யாருடனோ போனில் தெலுங்கில் அழுதுகொண்டிருந்தார். அவர்கள் வீட்டில் தெலுங்குதான் பேச்சு. எனக்கு ஒரே ஒரு சொல்தான் புரிந்தது. கர்ப்பூரம். நான்கு முறை சொன்னார்.

மருமகளிடம் போனேன். "என்னம்மா குடுத்த?"

"நீங்க சொன்னதுதான் மாமா. 'கற்பூரம் ரெண்டு கசக்கித் தேன்ல குழைச்சுக் குடு'ன்னீங்கள்ல? சாமி டப்பாவுலருந்து ரெண்டு வில்லை எடுத்தேன்."

"அது சூடம்லம்மா! நான் சொன்னது இலை. கற்பூரவல்லி."

"எங்க வீட்டுல சூடம்னு சொல்லவே மாட்டோம் மாமா. கர்ப்பூரம்னா அது ஒண்ணுதான். பாயசத்துலகூடப் பச்சைக் கற்பூரம் போடுறோமேன்னு நெனச்சேன்."

எங்கள் வீட்டில் எரிப்பது சூடம். தொட்டியில் நிற்கும் கற்பூரவல்லியைச் சுருக்கிக் கற்பூரம் என்போம். எனக்கு எழுபத்து மூன்று வயது ஆகும் வரை அதை யாரும் தவறாகப் புரிந்துகொண்டதில்லை, எல்லோரும் எங்கள் ஆட்களாகவே இருந்ததால்.

அப்போது டாக்டர் வந்தார். சின்ன வயதுப் பெண்மணி. "ஏம்மா, படிச்சவங்கதானே? சூடத்தைப் போயி புள்ளைக்கு ஊட்டுவாங்களா?"

மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள். என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. டாக்டர் மேலும் மூன்று வாக்கியம் திட்டினார். மூன்றையும் அவளே வாங்கிக்கொண்டாள். நாலாவதுக்குத்தான் எனக்கு வாய் திறந்தது.

"நான்தான் டாக்டர் போன்ல சொன்னேன். இலையைச் சொன்னேன். இலைன்னு சொல்லல."

மகன் சுவரிலிருந்து திரும்பி என்னைப் பார்த்தான். டாக்டர் குழந்தையின் நாடியைப் பிடித்தார். "வாந்தியில கொஞ்சம் வெளிய போயிருக்கு. நாளைக்கு வரைக்கும் பாக்கணும்," என்றார் டாக்டர்.

குளுக்கோஸ் நிமிடத்துக்குப் பதினெட்டுச் சொட்டு இறங்கியது. இடையில் கீழே போய் ஒரு டீ குடித்தேன். மதியம் 3.20க்குக் குழந்தை கண் திறந்து "ம்மா" என்றது. நான் கிட்டே போனதும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. மருந்து மயக்கம் என்றாள் மருமகள்.

ஆஸ்பத்திரிச் செலவை நான் கட்டுகிறேன் என்று பையைத் திறந்தேன். மகன் தடுத்தான்.

"வேண்டாம்ப்பா. இருட்டுறதுக்குள்ள கெளம்புங்க. இனிமே மருந்தெல்லாம் நாங்க டாக்டர்ட்டயே கேட்டுக்கிடுதோம்."

மழையில் நிலையம் வரை நடந்தே வந்தேன். மறுநாள் மாலை குழந்தையை வீட்டுக்கு அனுப்பிவிட்டதாக மருமகள்தான் சொன்னாள். மகன் இன்னும் போன் செய்யவில்லை. நாற்பது கிலோமீட்டர்கூட இராது இரண்டு ஊருக்கும். அங்கே போய் வந்ததில் பேருந்து, ஆட்டோ, டீ எல்லாம் சேர்த்து எனக்கு ஆன செலவு நூற்று முப்பது ரூபாய்.