பூப்பந்து மண்டபத்தில் ஒரு கேமரா சோதனை

அண்ணன் மகன் கல்யாணத்தில், சரியாகத் தாலி கட்டும் நேரம் பார்த்து, வீடியோ எடுத்துக்கொண்டிருந்த என் கைப்பேசி அடித்தது. பதிவு அதோடு நின்றுபோனது. அதனால் எங்கள் மகளின் நிச்சயதார்த்தம் நெருங்கியதும் மனைவி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்: "இந்த வாட்டி போன் வேணாம். தனியா ஒரு வீடியோ கேமரா வாங்குங்க."

ஜொகூர் பாருவில் ஒரு கடையில், உள்ளங்கைக்குள் அடங்கும் ஹெச்டி கேமரா இருந்தது. யாரோ வைத்திருந்து விற்றது, கீறல்கூட இல்லை. நான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே நின்றேன். கடைக்காரர் சிரித்தார்.

"வீட்டுக்குக் கொண்டுபோய் எடுத்துப் பாருங்கண்ணே. புடிக்கலன்னா திருப்பிக் கொண்டாங்க, பரவால லா."

கூலாயில் எங்கள் வீட்டுக்கு அருகே ஒரு பொது மண்டபம் உண்டு. மனைவி ஞாயிறுதோறும் காலையில் அங்கே பூப்பந்து ஆடுவாள். வேகமான ஆட்டம், மங்கலான விளக்கு, எதிரொலிக்கும் கூரை: சோதித்துப் பார்க்க இதைவிட நல்ல இடம் ஏது? கேமராவை எடுத்துக்கொண்டு நானும் போனேன்.

கைப்பட்டைக்குள் விரல்களை நுழைத்ததும் கேமரா கைக்குள் கச்சிதமாக உட்கார்ந்துகொண்டது. நடந்துகொண்டே எடுத்தபோதும் படம் பெரிதாக ஆடவில்லை. தூரத்துக் காட்சியைக் கிட்டே இழுக்கும் பொத்தான் மட்டும் என்னைப் படாத பாடு படுத்தியது. தொட்டால் போதும், மனைவியின் காதுத்தோடு திரை முழுக்க நின்றது.

அவளுக்குப் போன வருடத்திலிருந்து முழங்கால் வலி. இரட்டையர் ஆட்டத்தில் அவளுடைய ஜோடி, அடுத்த தெருவில் இருக்கும் சீனப் பெண்மணி. ஆட்டம் முடிந்து காரில் வரும்போது மனைவி சன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னாள்.

"இந்த மாசத்தோட நிறுத்திக்கலாம்னு இருக்கேன். என்னால ஓட முடியல. பாவம், அவங்க எனக்கும் சேத்து ஓடுறாங்க."

"வலி இருந்தா ஆட வேணாம்" என்று மட்டும் சொன்னேன்.

மதியம் சாப்பிட்டுவிட்டு கேமராவைத் தொலைக்காட்சியில் இணைத்தேன். விளக்கு மங்கலாக இருந்தும் முகங்கள் தெளிவாகத் தெரிந்தன. பந்து மட்டையில் படும் சத்தம்கூட 'டப் டப்' என்று கேட்டது. முதலில் மனைவி முகத்தைச் சுளித்தாள்.

"ஏன் இப்படி முன்னயும் பின்னயும் இழுக்குறீங்க? பாக்குறவங்களுக்குத் தல சுத்தும்."

பிறகு திரையருகே நகர்ந்து உட்கார்ந்தாள். திரையில் அவள் வலையோரம் பாய்ந்து, தரையைத் தொடவிருந்த பந்தைத் தூக்கிவிட்டாள். ஜோடி, "அலமாக்! பாகுஸ்!" என்று மலாயில் வியந்து பாராட்டிக் கத்தியது கேட்டது.

"இன்னொரு தடவ போடுங்க."

போட்டேன்.

"இவ்ளோ வேகமாவா ஓடுறேன்?"

"நீதானே ஓடுற! நான் பக்கத்துலதான நின்னேன்."

"எனக்கு அப்படித் தெரியலையே. கால் எழும்பவே இல்லாத மாதிரி இருந்துச்சு."

அந்தக் கொஞ்ச நேரப் பதிவைத் திரும்பத் திரும்பப் பார்த்தோம். பின்பக்கம் ஓடும்போதுதான் அவள் தடுமாறினாள். முன்பக்கம் யாருக்கும் அவள் சளைக்கவில்லை. அவளே அதைக் கண்டுபிடித்து ஜோடிக்குப் போன் செய்தாள். இனி முன்பக்கம் இவள், பின்பக்கம் அவர் என்று இரண்டு பேரும் பேசி முடிவு செய்தார்கள். ஆட்டத்தை நிறுத்தும் பேச்சு அதன்பின் எழவே இல்லை.

கேமராவை நான் திருப்பிக் கொடுக்கவில்லை. அதன் பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது என்பது ஒன்றுதான் குறை. கூடுதலாக ஒன்று வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். நிச்சயதார்த்தம் முழுவதும் தடங்கலில்லாமல் பதிவானது. மகளும் மாப்பிள்ளையும் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றார்கள்.

சில மாதங்கள் கழித்து, வட்டார அளவில் நடந்த ஒரு பெண்கள் போட்டியில் மனைவியும் அவளுடைய ஜோடியும் கலந்துகொண்டார்கள். முதல் சுற்றில் ஜெயித்து, இரண்டாவதில் தங்களைவிட இளையவர்களிடம் தோற்றார்கள். வேர்வை வழிய என்னிடம் வந்தவள் கேட்டாள்:

"தோத்ததயும் எடுத்தீங்களா?"

"எடுத்தேன்."

"நல்லது. ராத்திரி சாப்பாட்டுக்கு என் ஜோடியையும் கூப்பிட்டிருக்கேன். எங்க விட்டோம்னு மூணு பேரும் உக்காந்து பாக்கலாம்."