கர்ர்ரென்று கத்திய ரீல்

மகள் வாங்கிவந்த புதுத் தூண்டில் ரீலைச் சுற்றினேன். எண்ணெய் வாசனை வந்தது, சத்தம் வரவில்லை. அந்த வாசனையே போதும். கும்மிடிப்பூண்டியில் இன்று லாரிகள் நிற்கிற சிமெண்டுத் தளம் எனக்கு மறுபடி ஏரியாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில் நைட் ஷிப்டு முடித்த அப்பாக்கள் அதன் கரையில் மூங்கில் தூண்டிலோடு உட்கார்ந்திருப்பார்கள். என் அப்பாவிடம் மட்டும்தான் ரீல், தையல் மிஷின் எண்ணெய் போட்ட பழைய இரும்பு ரீல், மீன் இழுத்தால் கர்ர்ரென்று கத்தும், உடனே மொத்தக் கரையும் தன் தூண்டிலைப் போட்டுவிட்டு வேடிக்கை பார்க்க ஓடிவரும். அந்த ஓட்டத்தைப் பார்க்கும் ஆசையில் ஒருநாள் மீனே இல்லாமல் நானே தூண்டில் நரம்பை இழுத்து இழுத்துக் கத்தவிட்டேன். திருகு தளர்ந்து, அப்பாவின் அடுத்த வீச்சில் நரம்பை அறுத்துக்கொண்டு ரீலே பறந்துபோய் ஏரியில் விழுந்தது. கரையே சிரித்தது.

"உடும்மா, மீனுங்க சுத்திக்கினு இருக்கட்டும்" என்றார் அப்பா.

மகள் வாங்கிவந்த இந்தப் புது ரீலோ லேசானது, துருப்பிடிக்காது, சிக்காது. அப்பா அதை என் கையிலிருந்து வாங்கிக் காதருகே வைத்துச் சுற்றினார்.

"இன்னா கண்ணு, ஊமையாக்கீது? மீனு மாட்டுனா கரைக்கு எப்படித் தெரியும்?" என்று பேத்தியிடம் கேட்டுவிட்டு, வாயாலேயே கர்ர்ரென்று கத்திக் காட்டினார்.

பக்கத்து வீட்டுக்காரர் கையில் பாதி தோசையோடு ஓடிவந்தார்.